குற்றத்தின் எடையை மேடையில் நிறுக்க வேண்டாம்

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், கட்சித் தலைமைகளுக்கும், கட்சியின் பெயரால் தொலைக்காட்சி விவாதங்களில் அமர்வோருக்கும்,

வணக்கம்.

பாலியல் வன்கொடுமைச் செய்தி ஒன்று வெளியாகும்போதெல்லாம் உங்களில் யாராவது ஒருவர் அதற்கு எடை போட்டுவிடுகிறீர்கள். ‘வயசுப் பசங்க, தப்பு நடக்கத்தான் செய்யும்.’ ‘அந்த நேரத்துல அங்க என்ன வேலை?’ ‘காதல் விவகாரம்தானே.’ ‘இதைப் போய் இவ்வளவு பெருசாக்கணுமா?’ மாலைக்குள் கண்டனம் கிளம்பும். மறுநாள் ‘என் பேச்சைத் திரித்துவிட்டார்கள்’ என்ற விளக்கம் வரும். அதுவும் எடுபடாவிட்டால் ‘யார் மனமேனும் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’. அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் வழக்கு நடத்துவோரும், அவர்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்களும், ஆற்றுப்படுத்துநர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. மனம் புண்பட்டதைப் பற்றி எங்களுக்குப் பேச்சில்லை. நீங்கள் போட்ட அந்த எடை காவல் நிலையத்தின் மேசையிலும், மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும், சாட்சிக் கூண்டிலும் என்னென்ன சேதம் செய்கிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறோம்.

மறதி வேகமாக வருவதால் சிலவற்றை நினைவூட்டிவிடுகிறோம். 2014 ஏப்ரலில் மொராதாபாத் தேர்தல் கூட்டத்தில், மும்பை சக்தி மில்ஸ் கூட்டு வன்கொடுமை வழக்கின் தூக்குத் தண்டனையைக் குறிப்பிட்டு, பையன்கள் தவறு செய்துவிடுவார்கள், அதற்காகத் தூக்கா என்று கேட்டார் அப்போதைய சமாஜ்வாதி கட்சித் தலைவர் முலாயம் சிங் யாதவ். இரண்டு மாதம் கழித்து மத்தியப் பிரதேசத்தின் உள்துறை அமைச்சராக இருந்த பாபுலால் கௌர், இந்தக் குற்றம் சில நேரம் சரி, சில நேரம் தவறு என்றார். காவல் துறையையே கையில் வைத்திருந்தவர் அவர். 2021 டிசம்பரில் கர்நாடகச் சட்டமன்றத்தில் முன்னாள் அவைத்தலைவர் ரமேஷ் குமார் உதிர்த்த ‘நகைச்சுவை’யை இங்கே திருப்பி எழுதக் கை கூசுகிறது. அவையில் சிரிப்பு எழுந்தது என்பதை மட்டும் குறித்துவைக்கிறோம். மறுநாள் மன்னிப்புக் கேட்டார், சிரித்தவர்கள் கேட்கவில்லை. நம் மாநிலத்திலேயே, 2025 பிப்ரவரியில் மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர், மூன்றரை வயதுக் குழந்தை தாக்கப்பட்ட வழக்கில் குழந்தையின் பக்கமும் தவறு இருப்பதாகப் பேசிவிட்டுப் பதவி மாற்றம் பெற்றார். அவர் அரசியல்வாதி இல்லைதான். ஆனால் பேசிய இடம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம். மேலே உள்ளவர்களின் பேச்சு அதிகாரிகள் வாயில் போய்ச் சேர அதிக நாள் பிடிப்பதில்லை.

இது நம் ஊர் நோய் மட்டும் என்றும் சொல்ல மாட்டோம். 2011 மே மாதம் பிரிட்டனின் நீதித்துறை அமைச்சர் கென்னத் கிளார்க், வானொலிப் பேட்டியில் ‘தீவிரமான’ வன்புணர்வு, மற்றவை என்று தரம் பிரிக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். குற்றத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் தண்டனையில் பாதி கழிவு என்று அவர் கொண்டுவரப் பார்த்த திட்டமும் அடுத்த மாதமே கைவிடப்பட்டது.

எது கடுமையான குற்றம் என்பதற்குச் சட்டத்தில் அளவுகோல் இல்லாமல் இல்லை. உங்கள் சபைகள் நிறைவேற்றியதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சம்மதம் என்பது சொல்லாலோ சைகையாலோ ஐயமின்றித் தெரிவிக்கப்பட வேண்டும். உடலால் எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது. ‘கத்தியிருக்கலாமே, ஓடியிருக்கலாமே’ என்று நீங்கள் கேட்கும் கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. 64-ஆம் பிரிவின்படி குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு கடுங்காவல். கூட்டு வன்கொடுமை என்றால் 70-ஆம் பிரிவில் 20 ஆண்டுக்குக் குறையாது. பாதிக்கப்பட்டவர் 16 வயதுக்குக் கீழ் என்றாலும் அதே 20 ஆண்டு.

64-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். குற்றம் செய்தவர் காவலராக, அரசு ஊழியராக, மருத்துவமனைப் பணியாளராக, உறவினராக, பாதுகாவலராக, ஆசிரியராக, நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவராக இருந்தால் சட்டம் அதை மேலும் கடுமையானதாக எடுத்துக்கொள்கிறது; எஞ்சிய ஆயுள் முழுவதும் சிறை என்பதுவரை போகிறது. மேடையில் கேட்பதோ நேர்மாறாக இருக்கிறது. ‘தெரிஞ்ச பையன்தான்’, ‘சொந்தத்துக்குள்ள நடந்தது’ என்பதைத் தணிக்கும் காரணமாகச் சொல்கிறீர்கள். இருட்டில், முன்பின் தெரியாதவன், கையில் ஆயுதம்: உங்கள் மனதில் இருக்கும் ‘உண்மையான’ குற்றம் இதுதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், பதிவாகும் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் ஏற்கெனவே அறிமுகமானவர். ஆக, உங்கள் அளவுகோலை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான வழக்குகள் குற்றமாகவே தேறாது.

இந்த அளவுகோல் முதலில் போய்ச் சேரும் இடம் காவல் நிலையம். புகாருடன் வரும் பெண்ணுக்கு எஃப்.ஐ.ஆர். போடாமல், மனு வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து ‘இரண்டு நாள் கழிச்சு வாங்கம்மா’ என்று அனுப்புவது தெரிந்த கதை. சட்டப்படி இந்த வகைப் புகாரைப் பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும்; சம்பவம் வேறு எல்லையில் நடந்திருந்தாலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ போட்டு மாற்றி அனுப்ப வேண்டும். பதிய மறுக்கும் அதிகாரிக்கு அதே சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவின் கீழ் 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறை உண்டு. இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம் என்கிறது புதிய நடைமுறைச் சட்டம். வன்புணர்வு இதற்குள் வராது. ஆனால் நடந்ததைச் சுருக்கி, 74-ஆம் பிரிவின் கீழ் மானபங்க முயற்சி என்று எழுதிவிட்டால் வந்துவிடும். ‘பெருசு பண்ணாதீங்க’ என்று மேலிருந்து ஒரு குரல் கேட்ட வாரத்தில், இப்படிச் சுருக்கி எழுதும் கை கூசுவதில்லை.

சுருக்கி எழுதுவதன் விலை பின்னால்தான் தெரியும். நடந்ததைச் சொல்ல நாக்கு எழாத பெண், ‘என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார்’ என்கிறாள். ஸ்டேஷன் ரைட்டர் ‘தகாத முறையில் நடந்துகொண்டார்’ என்று எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறார். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்சம் தைரியம் வந்து முழுவதையும் சொல்கிறாள். வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் எதிர்த்தரப்பு இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக் கேட்கும்: ‘முதல் புகாரில் இது இல்லையே? நடுவில் யார் சொல்லிக்கொடுத்தது?’ முதல் தகவல் அறிக்கை என்பது எல்லா விவரமும் அடங்கிய களஞ்சியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் எத்தனையோ முறை சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த விடுபடல் ஒவ்வொரு வழக்கிலும் கேள்வியாக வருகிறது. சிலவற்றில் சந்தேகத்தின் பலனாகி விடுதலையும் வாங்கித் தந்துவிடுகிறது. எங்கே, எப்படி, எதைக்கொண்டு தொட்டான் என்பதைப் பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டு, அவள் வாய்ச்சொல்லிலேயே எழுதினால் இது நேராது. அதற்கு ஒரு மணி நேரம், ஒரு தனி அறை, எழுதத் தெரிந்த ஒரு பெண் உதவி ஆய்வாளர் போதும். உங்கள் தொகுதியில் உள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று எப்போதாவது எட்டிப் பார்த்ததுண்டா?

மருத்துவமனையில் கணக்கு மணிகளில் ஓடுகிறது. விந்தணுவை நுண்ணோக்கியில் காண 72 மணி நேரம். உடலிலிருந்து பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுக்க ஏறக்குறைய 96 மணி நேரம். கருத்தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரம் தருகிறோமோ அவ்வளவு பலன், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் தர வேண்டும். குளித்துவிட்டாலும், உடை மாற்றிவிட்டாலும், நாள் கடந்துவிட்டாலும் வரத்தான் வேண்டும். அன்று உடுத்தியிருந்த துணியிலிருந்து பிறகும் தடயம் எடுக்கலாம். அந்தத் துணியை நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வைக்க வேண்டும். பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொண்டுவருவார்கள். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் டி.என்.ஏ. சிதைந்துபோகும். காவல் துறையின் கடிதம் இல்லை என்று எந்த மருத்துவமனையும், தனியார் மருத்துவமனை உட்பட, திருப்பி அனுப்ப முடியாது. சிகிச்சை இலவசம். மறுத்தால் 200-ஆம் பிரிவின் கீழ் ஓராண்டுவரை சிறை.

இவ்வளவு கறாரான கடிகாரத்தின் நடுவில்தான் உங்கள் பேச்சு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘குடும்ப மானம் போயிடும், வெளிய சொல்ல வேண்டாம்’ என்று வீட்டில் நான்கு நாள் யோசித்தால் மேலே சொன்ன எல்லாம் கைநழுவும். நான்கு மாதம் யோசித்தால் கரு வளர்ந்திருக்கும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோருக்கும் சிறுமிகளுக்கும் 24 வாரம்வரை கருக்கலைப்பு செய்யலாம், 20 வாரத்துக்கு மேல் இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். 24-ஐத் தாண்டினால் பெரும்பாலும் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். வயிறு தெரிந்த பிறகே சிறுமிகள் கொண்டுவரப்படுவது ஏன் என்று கேட்கிறீர்கள். சொன்னால் ‘நீ ஏன் அங்கே போனாய்’ என்று கேட்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தொலைக்காட்சியில் உங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

காயம் இல்லையே என்பது இன்னொரு பேச்சு. பயத்தில் உறைந்துபோன உடலில், மிரட்டப்பட்ட உடலில், பழகியவரால் ஏமாற்றப்பட்ட உடலில் காயம் இருக்க வேண்டிய அவசியமில்லை. காயமில்லை என்பது குற்றம் நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. அதே நெறிகள் விலக்கிய, பெண்ணுறுப்பில் விரல்விட்டுப் பாலுறவுப் பழக்கத்தைக் கணிக்கும் இருவிரல் பரிசோதனையைச் செய்பவர் முறைகேடு செய்தவராவார் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு அதைத் தடை செய்யச் சொன்னது.

அடுத்தது, பேசவே உங்களுக்குப் பிடிக்காத விஷயம்: சமரசம். ‘எடை குறைந்த’ குற்றம் என்றால் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் அல்லவா? வட்டச் செயலாளர் வீட்டுத் திண்ணையில், வார்டு உறுப்பினர் முன்னிலையில், ஒரு தொகையோ கல்யாணமோ பேசி முடிக்கப்படும் வழக்குகளை நாங்கள் பார்க்கிறோம். புகார் கொடுத்துவிட்ட பிறகும் பேச்சு நிற்பதில்லை. அதன் முடிவில் சாட்சிக் கூண்டில், முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் ஒரு பிறழ் சாட்சி நிற்கிறாள். பாலியல் வன்கொடுமையில் சமரசத்துக்கோ மத்தியஸ்தத்துக்கோ இடமே இல்லை என்று 2015-லேயே உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால், தெரிந்தும் புகார் செய்யாத ஒவ்வொருவரும் போக்சோ 19, 21 பிரிவுகளின்படி குற்றவாளி. பஞ்சாயத்துப் பேசிய உங்கள் கட்சிக்காரரும் அதில் சேர்த்தி. உங்கள் கீழ்மட்டப் பொறுப்பாளர்களுக்கு இது தெரியுமா?

ஆறுதல் சொல்லப் போகிறோம் என்று கேமராவோடு வீட்டுக்குப் போவதையும் நிறுத்துங்கள். அடையாளத்தை வெளியிடுவது 72-ஆம் பிரிவில் 2 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். பெயரைச் சொல்லாமல் தெரு, பள்ளி, தந்தையின் தொழில், வீட்டு வாசல் எல்லாம் காட்டினாலும் அடையாளம் காட்டியதுதான். இறந்தவர் என்றாலும் அதேதான் என்று 2018 டிசம்பர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2019-ல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயர் அதிகாரிகள் தரப்பிலிருந்தே வெளியானதால் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கின் எஃப்.ஐ.ஆர். கசிந்ததற்கும் அதே 25 லட்சம். ஐந்து ஆண்டு இடைவெளியில் அரசு அதே பாடத்தை அதே விலைக்கு இரண்டு முறை வாங்கியிருக்கிறது.

எடையைக் குறைப்பவர்களைப் போலவே, ‘நடுரோட்டில் தூக்கில் போடு’ என்று கூவுபவர்களாலும் எங்களுக்குச் சிரமம்தான். குற்றம் செய்தவர் சித்தப்பாவாகவோ பக்கத்து வீட்டு அண்ணனாகவோ இருக்கும் வழக்கில், புகார் கொடுத்தால் அவர் தூக்கில் தொங்குவார் என்று சொல்லிப் பாருங்கள், எந்தத் தாய் காவல் நிலையத்துக்கு வருகிறாள் என்று பார்ப்போம். டெல்லி நிர்பயா வழக்குக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரி அறிக்கையில் மரண தண்டனையைப் பரிந்துரைக்க மறுத்தது சும்மா இல்லை. 2019-ல் ஐதராபாத் அருகே வன்புணர்வு, கொலை வழக்கில் கைதான நான்கு பேர் போலீஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டபோது பல கட்சிகளிலும் கைதட்டல். பின்னர் உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் அது திட்டமிட்டுச் சுட்டது என்று முடிவு சொன்னது. தண்டனைச் சட்டத்தை எத்தனை முறை கடுமையாக்கினாலும், 2022-ல் விசாரணை முடிந்த வன்புணர்வு வழக்குகளில் குற்றம் நிரூபணமானது நூற்றுக்கு 27-ஐ ஒட்டித்தான். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது மேடை முழக்கத்தால் இல்லை. பெண்கள் சாட்சி சொல்ல வந்தார்கள், யாரும் பிறழவில்லை, மின்னணுச் சான்றுகள் சரியாகச் சேகரிக்கப்பட்டிருந்தன.

சரி, உங்களால் என்ன செய்ய முடியும்?

அமைச்சர் பேசியதை அரசின் கருத்தாகக் கொள்ள முடியாது என்று 2023 ஜனவரி 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. புலந்த்ஷகர் கூட்டு வன்கொடுமையை அரசியல் சதி என்று பேசிய அப்போதைய உத்தரப் பிரதேச அமைச்சர் ஆசம் கானின் விவகாரத்திலிருந்து கிளம்பிய வழக்கு அது. தனித் தீர்ப்பு எழுதிய நீதிபதி நாகரத்னா, கட்சிகளே நடத்தை விதி வகுத்துத் தங்கள் ஆட்களைக் கட்டுப்படுத்தலாம் என்று சுட்டினார். பந்து கட்சித் தலைமையின் கையில்தான் இருக்கிறது. விதி நீளமாக வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் உடை, நேரம், பழக்கவழக்கம் பற்றிப் பேசினால் பொறுப்பிலிருந்து நீக்கம். சமரசம் பேசினால் அடிப்படை உறுப்பினர் பதவியும் போகும். எழுத்தில், பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். அவைக்குள் பேசியதற்கு அரசமைப்பின் 105, 194 பிரிவுகள் பாதுகாப்புத் தருவதால் வழக்குப் போட முடியாது. அவைக்குறிப்பிலிருந்து நீக்குவதோடு விடாமல், அவைத்தலைவர் அதை உரிமைக் குழுவுக்கு அனுப்பலாம், சிரித்தவர்களையும் சேர்த்து.

கூட்டத்தொடரில் கேள்வி நேரம் இருக்கிறது. தடய அறிவியல் ஆய்வகங்களில் எத்தனை பாலியல் வழக்கு மாதிரிகள் எத்தனை மாதமாகக் காத்திருக்கின்றன? இந்தக் குற்றங்களில் புலன் விசாரணையை 2 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். எத்தனை வழக்கில் முடிந்தது? போக்சோ நீதிமன்றங்களில், குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காமல் குழந்தை சாட்சி சொல்லத் தனி அறை எங்கெல்லாம் இல்லை? பெண்கள் உதவி எண்ணான 181-க்கு அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் இரவு பத்து மணிக்கு ஆற்றுப்படுத்துநர் இருக்கிறாரா? தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2018 திட்டத்தில் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம் இழப்பீடு. அதில் இடைக்கால நிவாரணம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? இவற்றில் ஒன்றைக் கேட்டு எழுத்துப்பூர்வப் பதில் வாங்கும் உறுப்பினர், பத்துக் கண்டன அறிக்கை விடுபவரைவிட எங்களுக்குப் பயன்படுவார்.

வேட்பாளர் தேர்வு கடைசியாக. பெண்களுக்கு எதிரான குற்ற வழக்குகள் தம் மேல் இருப்பதாகப் பிரமாணப் பத்திரத்தில் ஒப்புக்கொண்ட எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் நாடெங்கும் 151 பேர் என்று 2024 ஆகஸ்டில் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் கணக்கெடுத்தது. அவர்களில் 16 பேர் மேல் வன்புணர்வு வழக்கு. உச்ச நீதிமன்றத்தின் 2020 பிப்ரவரி தீர்ப்பின்படி, குற்ற வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்துகிறோம், வழக்கில்லாதவர் ஏன் கிடைக்கவில்லை என்பதைக் கட்சி சி-7 படிவத்தில் வெளியிட வேண்டும்; ‘வெல்லக்கூடியவர்’ என்பது காரணமாகாது. அடுத்த பட்டியல் வரும்போது உங்கள் கட்சியின் சி-7 படிவங்களை வரிவரியாகப் படிப்போம். பாலியல் வழக்கு உள்ள ஒருவருக்கு நேராக ‘சமூக சேவையில் ஈடுபாடு உள்ளவர்’ என்று எழுதியிருந்தால், அந்தப் படிவத்தை அப்படியே எடுத்து அந்தத் தொகுதி வாக்காளர்களின் கையில் கொடுப்போம்.

இப்படிக்கு,
பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டோர் தரப்பில் பணிபுரியும் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், ஆற்றுப்படுத்துநர்கள்